ஏலமலைச் சரிவும் ஓயாத வலியும்

ஏலச்செடி ஆளுயரத்தைத் தாண்டி வளரும். நன்றாகக் கிளம்பிய தட்டை பத்து, பன்னிரண்டு அடிகூட நிற்கும். காய் மட்டும் காலடியில் பிடிக்கும். தூரிலிருந்து புறப்படும் சரத்தில் பூவும் பிஞ்சும் விளைந்த காயும் ஒன்றாகவே இருக்கும். மலபார் வகையில் சரம் தரையோடு கிடக்கிறது. மைசூர் வகையில் நிமிர்கிறது. வழுக்கை இரண்டுக்கும் நடுத்தரம். எந்த வகையானாலும் காய் எடுக்கிறவர் தட்டைகளை விலக்கி, தூரடியில் குத்தவைத்து உட்கார வேண்டும். இல்லையென்றால் இடுப்பை மடித்துக் குனிந்தே நிற்க வேண்டும். காயெல்லாம் ஒருசேர விளைவதில்லை என்பதால் முப்பது, நாற்பது நாளுக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பி வரவேண்டும். ஆடி, ஆவணியில் தொடங்கும் காய் எடுப்பு இப்படியே ஐந்தாறு சுற்று ஓடித் தை, மாசியில்தான் ஓய்கிறது.

போடிநாயக்கனூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் தீராமல் நிற்கும் குறுக்கு வலி, முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவதென்றால் இந்தச் செடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். விடியுமுன் ஜீப்பில் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டு வழியாகக் கேரளத்து இடுக்கியின் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரிப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயத் திரும்புகிற பெண்கள் இந்த ஊரின் பொருளாதாரத்தைச் சுமப்பவர்கள். சரிவில் அவர்கள் உட்காரும் விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். மேட்டுப் பக்கத்துக் கால் முழுக்க மடங்கியிருக்கும். பள்ளத்துப் பக்கத்துக் கால் பாதி நீண்டு உடம்பை முட்டுக்கொடுத்துத் தாங்கும். இடுப்பில் கட்டிய பை, காய் நிறைய நிறைய முன்னால் இழுக்கும். கைகள் சரத்திலும் கழுத்து கவிழ்ந்தும் இருக்க, மேலே போர்த்திய பிளாஸ்டிக் தாளில் மழை கொட்டும். ஒரு தூர் முடிந்ததும் எழுந்து நாலடி நடந்து மறுபடி உட்கார வேண்டும். ஒரு கிலோ உலர்ந்த ஏலக்காய்க்குச் சுமார் 5 கிலோ பச்சைக்காய் வேண்டும். ஆகவே ஒவ்வொரு கிலோவுக்குப் பின்னாலும் திரும்பத் திரும்ப உட்கார்ந்து எழுந்த முழங்கால் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய்க்கு ஏலம் போன நாளிலும் அந்த முழங்கால்களுக்கு வேலை இதேதான்.

காய் எடுப்போடு முடிவதில்லை. ஈரச் சாக்கை எடை போடும் இடத்துக்குச் சுமக்க வேண்டும். போக வர ஜீப்பின் குலுக்கல். இப்படித் தொடர்ந்து குலுங்குவதும் இடுப்பு வலிக்கு ஒரு காரணம் என்பது தொழில் மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். கீழே போடியின் குடோன்களில் காயைத் தரம் பிரிக்கும் பெண்களுக்கு மலையேற்றம் கிடையாது. ஆனால் தரையில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கழுத்தைக் கவிழ்த்திருப்பதால் அவர்களின் வலி தோளிலும் பிடரியிலும் குடியேறுகிறது.

இந்த வலி எப்போது ஒரு நோயாகவே ஆகிறது? 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட வலி என்று உலகெங்கும் மருத்துவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய்ப் பட்டியல், நாட்பட்ட வலிக்கென்று தனி இடமே கொடுத்தது. அதுவரை அந்தப் பட்டியலில் வலி பெரும்பாலும் வேறு ஏதோ நோயின் அறிகுறியாகவே இருந்தது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கமும் 2020இல் தன் வரையறையைத் திருத்தியபோது, திசு சேதத்தால் வருவதோடு அதைப் போலவே உணரப்படுவதும் வலிதான் என்று தெளிவாக்கியது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக ஒருவருக்கு வலியே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இது நம் கிராமங்களுக்குப் புதிய துயரம் அல்ல. புனேவுக்கு அருகிலுள்ள பிக்வான் கிராமத்தில் 1996இல் வீடுவீடாகப் போய் நடத்திய ஆய்வில், வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மூட்டு, தசை, எலும்பு சார்ந்த வலியைச் சொன்னார்கள். 2006இல் தமிழகத்தையும் கேரளத்தையும் ஆட்டிவைத்த சிக்குன்குனியா காய்ச்சல், பலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் மூட்டு வலியை விட்டுச் சென்றது. உலக அளவில் 2020இல் இடுப்பு வலியோடு வாழ்ந்தவர்கள் 61.9 கோடி என்பது மதிப்பீடு. நோயென்று படுக்க வைக்காமலேயே மனிதர்களை முடக்குவதில் இதற்கு நிகரான இன்னொன்று இல்லை.

நாள்பட நாள்பட வலியின் தன்மையே மாறிவிடுகிறது. சுளுக்கும் சதைக் கிழிசலும் வாரங்களில் ஆறிவிடும். ஆனால் அவை அனுப்பிய செய்தியைத் திரும்பத் திரும்ப வாங்கிய தண்டுவட நரம்பும் மூளையும் கூர்மையாகிவிடுகின்றன. முதலில் திருடனைக் கண்டு குரைத்த காவல் நாய், பிறகு சருகு விழுந்தாலும் குரைப்பது போல. 1983இல் ஆய்வாளர் கிளிஃபோர்ட் வுல்ஃப் இந்த நரம்புக் கூர்மையைச் சோதனையில் காட்டினார். உறக்கமின்மை, கடன் கவலை, வீட்டுச் சண்டை, பயம் எல்லாம் இந்தக் கூர்மையைக் கூட்டுகின்றன. "எல்லாம் உன் மனசுலதான் இருக்கு" என்று நோயாளியிடம் சொல்வது இதனால்தான் பெரும் பிழை. வலி உடம்பில் இருக்கிறது. அதன் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் இடங்களில் மனமும் ஒன்று.

தேனியிலும் மதுரையிலும் ஸ்கேன் எடுத்துத் திரும்புகிறவர்கள் கொண்டுவரும் சொற்களை இங்கே கவனிக்க வேண்டும். "டிஸ்க் விலகிருச்சு", "எலும்பு தேஞ்சுபோச்சு", "ஜவ்வு போயிருச்சு". இவற்றைக் கேட்ட பெண் அன்றிலிருந்து குடம் தூக்கப் பயப்படுகிறார், குனியப் பயப்படுகிறார், படுத்தால் போதும் என்று நினைக்கிறார். ஆனால் முதுகு வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளிவந்த ஆய்வு என்ன சொல்கிறது? இருபது வயதுக்காரர்களில் 37 விழுக்காட்டினருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. தலைமுடி நரைப்பதைப் போலத்தான் பெரும்பாலான தேய்மானமும். படத்தில் உள்ளதை அப்படியே படித்துக் காட்டிப் பயமுறுத்தி அனுப்புவதைவிட, இது வயதோடு வருவது, முதுகு உடைந்துவிடவில்லை, மெல்ல மெல்ல அசைக்கலாம் என்று ஐந்து நிமிடம் விளக்கும் மருத்துவர் அந்தப் பெண்ணுக்குப் பெரிய சிகிச்சையே செய்துவிடுகிறார்.

அதற்காக எல்லாவற்றையும் வேலை வலி என்று தள்ளிவிடவும் கூடாது. சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, கால் பலமிழந்து இழுப்பது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது ஆகியவை அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டிய அறிகுறிகள். காய்ச்சலும் எடை இழப்பும் சேர்ந்த முதுகு வலி நம் நாட்டில் எலும்புக் காசநோயாக இருக்கலாம். காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் ஒரு மணி நேரம் மடங்காமல் இறுகிக் கிடந்தால் அது முடக்குவாதமாக இருக்கக்கூடும்; அதற்கு மருந்து உண்டு, சீக்கிரம் தொடங்கினால் மூட்டு கோணாமல் காப்பாற்றலாம். பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும் இருந்தால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். நரம்பு வலிக்கான மருந்துகள் சாதாரண வலி மாத்திரையிலிருந்து வேறானவை.

அடுத்தது ஊசி. வேலைக்குப் போயே ஆகவேண்டிய ஒருவருக்கு, சாயங்காலம் போட்டுக்கொண்டு மறுநாள் மலையேற வைக்கும் ஊசியின் மேல் நம்பிக்கை வருவது இயல்பு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் கூலியை இழந்து தேனியைத் தாண்டி க. விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போய் வரிசையில் நிற்பதைவிட, மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்குவது எளிது. ஆனால் அந்த ஊசியிலும் மாத்திரையிலும் பெரும்பாலும் இருப்பது டைக்ளோஃபினாக் வகை மருந்து. இதே டைக்ளோஃபினாக் போடப்பட்ட மாடுகளின் உடலைத் தின்றுதான் இந்தியாவின் பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து 90 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. 2006இல் அது கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டது. கழுகின் சிறுநீரகம் வேறு, மனிதரின் சிறுநீரகம் வேறு. சில நாள், அளவாக, மருத்துவர் சொல்லி எடுத்தால் நமக்கு அது பயன்தரும் மருந்துதான். ஆனால் தோட்டத்தில் ஒதுங்க இடமில்லை என்று பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண், வறண்ட உடம்போடு இந்த மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கும்போது வயிறு புண்ணாவதும் ரத்த அழுத்தம் ஏறுவதும் சிறுநீரகம் நலிவதும் நடக்கக்கூடியவை. கழிப்பறை இல்லாத குறை எப்படி வலிச் சிகிச்சையின் குறையாக மாறுகிறது என்பதை நம் சுகாதாரத் துறை இப்படி இணைத்துப் பார்ப்பதில்லை. நாட்டு மருந்துப் பொடி என்று விற்கப்படுபவற்றில் ஸ்டீராய்டு கலப்படம் கண்டுபிடிக்கப்பட்டதும் உண்டு. சாப்பிட்ட மறுநாளே வலி பறந்துபோகும் பொடியைச் சந்தேகப்படுவது நல்லது.

அபின் வகை மருந்துகளைப் பற்றி ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் இன்றியமையாதது. மேட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் மற்றவர்களும் தொடங்கிய வலித் தணிப்பு இயக்கம், தன்னார்வலர்களின் கையோடு வீடுகளுக்குள் போய், 2008இல் மாநிலக் கொள்கையாகவே ஆனது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் இறுக்கம் 2014இல் தளர்த்தப்பட்டதிலும் அந்த இயக்கத்தின் போராட்டம் இருக்கிறது. ஆனால் நாட்பட்ட இடுப்பு வலிக்கு இந்த வகை மருந்து தரவேண்டாம் என்றே உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்கிறது. இடுப்பு பெல்ட்டும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையும் வேண்டாம் என்கிறது. பெல்ட் வாங்கி மாட்டிக்கொண்டு மலையேறும் எத்தனையோ பேருக்கு இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

வேண்டும் என்று அந்த வழிகாட்டுதல் சொல்பவை எளியவை: வலியைப் பற்றிய விளக்கக் கல்வி, முறையான உடற்பயிற்சி, மசாஜ் போன்ற சில கைச்சிகிச்சைகள், மனப்பழக்கத்தை மாற்றும் உளவியல் பயிற்சி, தேவைப்பட்டால் அளவோடு வலி மாத்திரை. மிளகாய் சேர்ந்த களிம்பைக்கூட அது ஏற்கிறது. நம் வீடுகளில் தைலம் தேய்ப்பதும், தவிட்டு ஒத்தடமும், 1893 முதல் விற்கும் அமிர்தாஞ்சனமும் ஏன் ஓரளவு கேட்கின்றன என்பதற்கு 1965இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த கதவுக் கோட்பாடு ஒரு விளக்கம் தந்தது. தொடுதலும் சூடும் வேறு நரம்புகள் வழியே தண்டுவடத்துக்குப் போய், வலிச் செய்தி மேலேறும் வாசலைக் கொஞ்சம் சாத்துகின்றன. ஒத்தடத்தால் நோய் மாறாது. ஆனால் அன்றிரவு தூக்கம் வரும். நாட்பட்ட வலியில் ஓர் இரவுத் தூக்கம் சிறிய விஷயமல்ல.

வலியோடு வாழக் கற்பதன் நடுவில் இருப்பது அளவறிந்து அசைவதுதான். வலி மருத்துவத் துறையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் போனிகா, மயக்க மருத்துவர்; படிப்புச் செலவுக்காக மல்யுத்தம் ஆடி, அந்தக் காயங்களின் வலியோடு கடைசிவரை வாழ்ந்தவர். சியாட்டிலில் அவரோடு பணியாற்றிய உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் கண்ட உண்மை எளிமையானது. வலி வரும்வரை வேலை செய்து, வந்ததும் படுத்தால், உடம்பு அசைவையும் வலியையும் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. ஆகவே நிறுத்துவதை வலியிடம் விடாமல், முன்கூட்டியே வகுத்த அளவிடம் விட வேண்டும் என்றார் அவர். பத்து நிமிடம் குத்தவைத்தால் இடுப்பு பிடிக்கிறது என்றால் ஏழாவது நிமிடமே எழுந்து, இடுப்பை லேசாகப் பின்னால் வளைத்து, சிறிது நடந்து, பிறகு உட்கார வேண்டும். வலி இல்லாத நாளிலும் ஏழுதான், வலிக்கிற நாளிலும் ஏழுதான். வாரம் தாண்டி எட்டு. நல்ல நாள் வந்துவிட்டதென்று தேங்கிய வேலையையெல்லாம் ஒரே மூச்சில் முடித்து, அடுத்த நான்கு நாள் எழ முடியாமல் கிடப்பதுதான் இந்த வலிக்காரர்கள் அதிகம் விழும் குழி. வீட்டு வேலையில் இதை யாரும் நாளையே தொடங்கலாம்.

தோட்டத்தில்? அங்கேதான் எல்லா அறிவுரையும் முட்டி நிற்கிறது. எழும் நேரத்தைத் தீர்மானிப்பது அந்தப் பெண் அல்ல; நிரையின் வேகமும், கங்காணியின் கண்ணும், சில இடங்களில் கூடுதல் கிலோவுக்குக் கிடைக்கும் கூடுதல் காசும் தீர்மானிக்கின்றன. "தினமும் உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று நகரத்து நாற்காலிக்காரருக்குச் சொல்லும் வாக்கியத்தை இவரிடம் சொன்னால், "நாங்க பண்ணாத எக்சர்சைஸா டாக்டரம்மா" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. டென்மார்க்கில் ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மனும் அவரோடு இருப்பவர்களும் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான்: ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடலசைவு தரும் நன்மையைக் கூலிக்குச் செய்யும் உடலுழைப்பு தருவதில்லை. நிறுத்தும் உரிமையும், மாற்றிச் செய்யும் உரிமையும், அசைவுக்குப் பின்னான ஓய்வும் அதில் கிடையாது. ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடத்தி 2024இல் வெளியான ஆய்வில், படிப்படியாகக் கூட்டிய நடைப்பயிற்சியும் விளக்கமும் பெற்றவர்களுக்கு இடுப்பு வலி திரும்பி வர நடுத்தரமாக 208 நாள் ஆனது, பெறாதவர்களுக்கு 112. அதே நடையைச் சாக்குச் சுமையோடு ஈரச் சரிவில் நடப்பவருக்கு அந்தப் பலனை நாம் வாக்களிக்க முடியாது.

ஆகவே இங்கே வலி மேலாண்மை என்பதில் பாதி, வேலை மேலாண்மை என்றே நான் கருதுகிறேன். ஒரே ஆளை நாள் முழுக்கக் காய் எடுக்க வைக்காமல் மதியத்துக்குப் பின் நின்று செய்யும் வேலைக்கு மாற்றுவது, சாக்கின் எடையைப் பாதியாக்கி இருமுறை தூக்குவது, மணிக்கொரு முறை சில நிமிடம் நிமிர விடுவது, ஒரு முழங்காலை ஊன்ற மெத்தென்ற துண்டு தருவது, குடிக்கத் தண்ணீரும் ஒதுங்க இடமும் தருவது, ஜீப்பில் ஆளைத் திணிக்காமல் இருப்பது. இவற்றில் எதுவும் பெரிய முதலீடு கேட்கவில்லை. வியட்நாமின் கான் தோ பகுதியில் 1990களில் விவசாயிகளே கூடி உட்கார்ந்து, பக்கத்து வயலில் வெற்றி பெற்ற இத்தகைய சிறு மாற்றங்களைப் பார்த்துத் தங்கள் வயலுக்குக் கொண்டுபோன முறையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பிறகு பல நாடுகளுக்குப் பரப்பியது. அதே அமைப்பின் 2010ஆம் ஆண்டுத் தொழில்நோய்ப் பட்டியலில், நெடுநேரம் மண்டியிட்டோ குத்தவைத்தோ செய்யும் வேலையால் முழங்கால் ஜவ்வு சேதமாவது பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. ஏலத்தோட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதியது போலவே இருக்கிறது அந்த வரி.

நம் சட்டம் வேறு கணக்கில் நிற்கிறது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்துக்குள் ஏலம் வந்ததே 1981இல்தான். அதுவும் குறைந்தது 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் உள்ள தோட்டத்துக்கு. அந்தச் சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் கரைந்துவிட்டது. இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் இந்த வரம்புக்குள் வராத சிறு தோட்டங்கள் ஏராளம். அங்கே தினக்கூலிக்குப் போகும் போடிப் பெண், வேலை செய்வது ஒரு மாநிலத்தில், வலியோடு படுப்பது இன்னொரு மாநிலத்தில். அவருடைய முழங்காலுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் இரண்டு பக்கமும் மலையைக் கைகாட்டலாம்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டுக்கே வரும் இயன்முறைச் சிகிச்சையும் வலித் தணிப்பும் உண்டு. நல்ல திட்டம், படுக்கையில் இருக்கும் முதியவருக்குப் பெரிய உதவி. ஆனால் காய் எடுக்கப் போகிற பெண் பகலில் வீட்டில் இருப்பதில்லை. 2024இல் வந்த 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' தமிழகத்துப் பணியிடங்களுக்கானது; மேட்டைத் தாண்டிய தோட்டம் அதன் கைக்கு எட்டாது. போடிக்குத் தேவை மாலை நேர, ஞாயிற்றுக்கிழமை இயன்முறை மருத்துவம். அதையும் ஆளுக்கு ஆள் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. 1970களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் தொடங்கிய மூட்டுவலித் தன்மேலாண்மை வகுப்புகளை, பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள், பலர் தாங்களே மூட்டுவலிக்காரர்கள், நடத்தினார்கள். நம் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வாரம் ஒருமுறை கூடத்தான் செய்கின்றன. கடன் கணக்கு முடிந்த பின் அரை மணி நேரம், மாத்திரை எத்தனை நாள், எந்த அறிகுறிக்கு ஓடவேண்டும், எப்படி உட்கார்ந்து எழுவது, தூக்கம் எப்படி என்று பேசினால், "உனக்குமாக்கா இப்படி இருக்கு?" என்று ஒருத்தி கேட்கும் அந்தக் கேள்வியே பயத்தைக் குறைக்கும். வலிக்காரரை அதிகம் வதைப்பது, யாரும் நம்பவில்லை என்ற எண்ணம்தான்.

இதைத் தொடங்க ஏற்ற காலம் சித்திரை, வைகாசி. காய் எடுப்பு ஓய்ந்திருக்கும் அந்த இரண்டு மாதத்தில் போடி அரசு மருத்துவமனையும் சுற்றுவட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களும் மலைக்குப் போகிறவர்களின் முழங்கால், இடுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் ஆகியவற்றைப் பார்த்து ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்துவிடலாம். யாருக்குக் காய் எடுப்பு ஆகாது, யாருக்குக் கவாத்தும் ஸ்டோர் வேலையும் சரிப்படும், யார் எந்த மாத்திரையைத் தொடவே கூடாது என்பது அதில் இருக்க வேண்டும். ஆடியில் ஜீப் ஏறும்போது அந்த அட்டை கங்காணியின் கையிலும் ஒரு நகலாகப் போகட்டும். அதைப் பார்த்து வேலை பிரித்துக் கொடுப்பது தோட்டக்காரரின் கடமை என்று இரு மாநிலத் தொழிலாளர் துறைகளும் சேர்ந்து ஓர் உத்தரவு போட வேண்டும்.